சொன்ன நாளில் வருதல்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே செல்பவர், கொக்குவில், இணுவில் ஆகிய ஊர்களைக் கடந்ததும் மருதனார்மடச் சந்தியை அடைவர். காய்கறிச் சந்தையின் இரைச்சல் ஓயாத இடம். சைவப் பெண்பிள்ளைகளின் கல்விக்கென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் நிறுவிய கல்லூரி இங்கேதான் உள்ளது. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தையே நம் முன்னோர் மடம் என்றனர். அச்சொல்லைப் பெயரிலே தாங்கிய இவ்வூரில், சமயப் பெரியோர் நடத்தும் ஓர் இல்லத்துக்குச் சனிக்கிழமைதோறும் சென்று, வீடற்ற சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

வீடற்றவர் என்றேன், அது பாதி உண்மையே. பெருநகரங்களிற்போல நடைபாதையிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை இங்கே காண்டல் அரிது. பேருந்து நிலையத்திற் கச்சான் விற்றவன், சந்தையில் மூட்டை தூக்கியவன், திருவிழாதோறும் கற்பூரம் விற்றுத் திரிந்தவன் ஆகிய இத்தகையோரே வந்து சேர்கின்றனர். அவர்களுட் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றனர். 2009இல் ஓய்ந்த போர் சில குடும்பங்களைச் சிதைத்தது. மதுவும் கடனும் வேறு சிலவற்றைச் சிதைத்தன. இத்தகைய பிள்ளையை எவரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பை, 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் நீதிமன்றத்திடம் விட்டுள்ளது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டு நிலையை ஆராய்ந்து அறிக்கை அளிப்பார்.

முதல் நாள் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், நீங்கள் எத்தினை நாளைக்கு வருவியள்?" என்றான்.

"ஒவ்வொரு சனியும் வருவன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

குரலிலே குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. இன்று மழை பெய்யும் என்று சொல்வதைப் போலச் சொன்னான்.

அவன் கூற்றுக்குக் காரணம் உண்டு. இல்லத்துக்கு வருவோர் மிகப் பலர். பிறந்தநாளென்றும் திவசமென்றும் மதிய உணவு அளிப்பது நம்மவர் வழக்கம். அதனை நான் இகழேன். அந்த உணவினாலே நிறையும் வயிறுகள் உண்மையானவை. ஆயினும், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுக்கும் வழக்கம் எனக்கு உவப்பன்று. எந்த அளவுக்குச் சிரித்தால் வந்தவர் மகிழ்வர் என்பதை எட்டு வயதுப் பிள்ளை அறிந்து வைத்திருப்பதைக் காணச் சகிக்கவில்லை.

அச்சிறுவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கணக்கோ வேறு விதம். ஐம்பது ரூபாய்ச் சரை ஏழு, தந்தது ஐந்நூறு ரூபாய், மிச்சம் எவ்வளவு என்று கேட்டால், கண்ணிமைக்கும் முன் நூற்றைம்பது என்பான். அதையே தாளில் எழுதிக் கொடுத்தால் தலை குனிந்துகொள்வான். ஆகவே கச்சான் வியாபாரத்தையே பாடப் புத்தகமாக்கினோம். அவனுக்கு வாசிப்பைக் கற்பித்தவை பேருந்துப் பலகைகள். 'சுன்னாகம்' என்ற சொல்லை ஒரு சித்திரம்போல அவன் முன்னமே அறிவான். அதை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டியபோது, ஏமாற்றப்பட்டவன் போல, "இவ்வளவுதானோ?" என்றான்.

அவன் தலையணையின் கீழே எப்போதும் ஒரு பாண் துண்டு இருக்கும். நாளை உணவு கிடைக்கும் என்று நம்பப் பழகாதவன் அவன். அங்கே சமையல் செய்யும் அம்மையார் அதனைக் கண்டுகொண்டார், கண்டித்தாரல்லர். நாள்தோறும் பழந்துண்டை எடுத்துவிட்டுப் புதுத்துண்டை வைத்தார். மாலைப் பிரார்த்தனைக்குத் தவறாது மணியடிக்கும் அவ்வில்லத்திலே, இதைவிடப் பெரிய வழிபாட்டை நான் கண்டதில்லை. நான்கு மாதங்களுக்குப் பின் ஒரு நாள் தலையணையின் கீழே ஒன்றுமில்லை. அம்மையார் அதை என்னிடம் மெல்லிய குரலிலே சொன்னார்.

இதே வீதியில் இன்னும் வடக்கே, தெல்லிப்பழையில், சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் துர்க்கையம்மன் ஆலயச் சார்பிலே பெண்பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் கண்டார். 2008இல் மறையும்வரை அப்பணியை அவர் கைவிடவில்லை. அவரது மேடைப் பேச்சை நினைவுகூர்வோர் பலர்; எனக்கு வியப்பூட்டுவதோ அந்த நீண்ட இருப்பே.

அச்சிறுவனின் தாய் இப்போது சந்தையொன்றில் வேலை தேடிக்கொண்டு, தமக்கையின் வீட்டில் ஓர் அறையும் பெற்றிருக்கிறார். உத்தியோகத்தரின் அறிக்கை சாதகமாக இருக்குமென்று தெரிகிறது. அடுத்த தவணையில் அவன் வீடு திரும்பக் கூடும். அவனுக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே.

"வீட்டை போனால் சனிக்கிழமைப் படிப்பு என்னெண்டு, மாஸ்ரர்?" என்று சென்ற வாரம் கேட்டான்.

உத்தியோகத்தரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அவன் ஊருக்குச் செல்லும் பேருந்து காலை எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.