இன்னொரு வகை லைப்ரரி

லைப்ரரி என்றால் நம் வயதுக்காரர்களுக்குக் கன்னிமாராதான் நினைவுக்கு வரும். கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் லைப்ரரி வேறு. கஷ்டமான ஒரு வேலைக்கு ஒருவர் புரோகிராம் எழுதி வைத்துவிட்டால், மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் புரோகிராமோடு சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர். அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கும் உதவியது.

2009இல் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்துவிட்டது. தினமும் கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பழகச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். நான்கு நாள் செய்தாள். ஐந்தாம் நாள், "எத்தனை தடவை தூக்கினாலும் அங்கேயேதான் நிக்குதுங்க" என்று விட்டுவிட்டாள்.

அப்போது அமெரிக்காவிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேரன் கையோடு ஒரு விளையாட்டுப் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். நின்டெண்டோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'வீ'. அதன் ரிமோட்டை வீசினால் டிவியில் மட்டை வீசும். ரிமோட்டுக்குள் மூன்று திசைகளிலும் முடுக்கத்தை அளக்கும் ஒரு சில்லு இருக்கிறது. ரிமோட் அசையாமல் இருந்தால் புவியீர்ப்பு மட்டும் அதில் பதியும். எந்தத் திசையில் எவ்வளவு பதிகிறது என்று பார்த்தால் சாய்வுக் கோணம் தெரிந்துவிடும்.

ரிமோட் பேசுவது புளூடூத்தில். ஆகவே கம்ப்யூட்டரோடும் இணையும். ஆனால் அது அனுப்பும் எண்களுக்கு அர்த்தம் தெரிய வேண்டுமே! ஆர்வலர்கள் பலர் அதை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். பிரையன் பீக் என்பவர் 2007இல் 'வீமோட்லிப்' என்ற லைப்ரரியை எழுதி, மூல வரிகளோடு இலவசமாகவே கொடுத்தார். அந்தக் காலத்துத் துபாஷி மாதிரி, ரிமோட் சொல்வதை விண்டோஸ் புரோகிராமுக்குப் புரியும்படி அது எடுத்துச் சொல்லும்.

அதை வைத்து மகன் இரண்டே மாலைகளில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். அம்மாவின் முழங்கைக்கு மேல் ரிமோட்டைத் துணிப்பட்டையால் கட்டினான். கை உயர உயரத் திரையில் ஒரு கோடு உயர்ந்தது; பக்கத்திலேயே கோணம். வெடுக்கென்று தூக்கினால் கணக்குத் தப்பும் என்பதால், கை சற்று நிலையாக நின்றால்தான் எண் பதியும்படி செய்தான். பயிற்சிக்கும் அதுவே நல்லது என்றார் பிசியோதெரபிஸ்ட்.

முதல் நாள் 34 டிகிரி. மறுநாள் 36. கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு டிகிரி திரையில் தெரிந்தது. அதன் பிறகு காலையில் காபிக்கு முன்பே, "நேத்து எவ்வளவுங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். மகன் ஊருக்குக் கிளம்பும்போது ரிமோட்டைப் பேரனே பாட்டிக்கு விட்டுக்கொடுத்தான். நான்காவது மாதம் 95ஐத் தொட்டாள். தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள்.

கையைக் குணமாக்கியது பயிற்சிதான். அந்தப் பயிற்சியை அவள் விடாமல் பார்த்துக்கொண்டது இந்தப் புரோகிராம். ஊருக்குப் பொதுவாகக் கிணறு வெட்டி வைத்தவருக்கு, யார் யார் வந்து தண்ணீர் இறைத்தார்கள் என்று தெரிய வழியில்லை. இறைத்தவர்களாவது சொல்ல வேண்டும் அல்லவா?