ஐம்பது மில்லி ஆம்பியர்

சென்ற வருடம் தங்கைக்குப் பிரசவ நேரம். அம்மா அவள் வீட்டோடு போய்த் தங்கிவிட்டார். மன்னார்குடி வீட்டில் அப்பா தனியாக இருக்க வேண்டாம் என்று சென்னைக்கு, எங்கள் அடுக்குமாடிக்கு அழைத்து வந்தேன். இரண்டு மாதம் இருந்தார். அந்த இரண்டு மாதத்தில் என் கார் ஐந்து முறை ஸ்டார்ட் ஆகவில்லை.

அப்பா எல்லாவற்றையும் அணைக்கிறவர். டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவரில் இருக்கும் சுவிட்சையும் தட்டுவார். மிக்ஸி பிளக்கைப் பிடுங்கி வைப்பார். இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது வைஃபை ரவுட்டரையும் அணைத்துவிடுவார். அமெரிக்காவில் இருக்கும் டீமுடன் நான் பேசிக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே உறைந்து நிற்கும். "ஏம்ப்பா, தூங்குற நேரத்துல அது எதுக்கு எரிஞ்சுகிட்டு கிடக்கணும்?" என்பார். முதல் வாரம் சிரித்தேன். மூன்றாவது வாரம் ரவுட்டர் சுவிட்சின் மேல் செல்லோடேப் ஒட்டினேன்.

என் கார் 2012 மாடல் சின்ன ஹேட்ச்பேக். அலுவலகத்துக்கு கேப் வருவதால் கார் வாரம் முழுக்க பேஸ்மென்ட்டில்தான் நிற்கும், சனி ஞாயிறில்தான் வெளியே வரும். அப்பா வந்த இரண்டாவது சனிக்கிழமை சாவியைத் திருப்பினேன். 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செக்யூரிட்டி அண்ணனும் பக்கத்து ஃபிளாட்காரரும் தள்ள, இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டுக் கிளப்பினேன். அடுத்த சனிக்கிழமையும் இதே கதை.

மென்பொருள் வேலையில் ஏதாவது உடைந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, 'கடைசியா என்ன மாத்தினீங்க?' என்பதுதான். காரைப் பற்றியும் அதையே கேட்டுக்கொண்டேன். புதிதாக வந்திருப்பவர் அப்பா. அவர் சாயங்காலம் கீழே நடக்கப் போகும்போது சாவி வாங்கிக்கொண்டு போய்க் காரில் இருக்கும் குடையையோ தொப்பியையோ எடுப்பார். கதவை ஓங்கிச் சாத்த மாட்டார். எந்தக் கதவையும் அப்படித்தான், யாரோ தூங்குகிற வீடு மாதிரி ஒட்டி வைப்பார். மூன்றாவது முறை கார் மக்கர் செய்தபோது பின்கதவு பாதிதான் மூடியிருந்தது. மேலே உள்விளக்கு செத்துக்கொண்டிருக்கும் மஞ்சளில் எரிந்தது.

ஆதாரம் கிடைத்துவிட்டது. அன்று காலை சாப்பாட்டு மேஜையில் நான் அப்பாவுக்குப் பாடமே எடுத்தேன். 5 வாட் பல்பு, 12 வோல்ட், ஏறக்குறைய 0.4 ஆம்பியர். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. நம் பேட்டரி மொத்தமே 35. இரண்டு நாள் எரிந்தால் பாதிக்கு மேல் காலி. "வீட்டுல ரவுட்டரை அணைக்கத் தெரியுது, கார் கதவைச் சாத்தத் தெரியலையா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்திருந்தது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா இட்லியைப் பிட்டபடி, "சரிப்பா, இனிமே பாத்துக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கார் சாவியைக் கேட்கவே இல்லை. ஆனால் தினமும் இரவு ஒன்பதரைக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போய் வந்தார். வாக்கிங் என்று நினைத்திருந்தேன். மனைவிதான் சொன்னாள்: "மாமா காருக்குள்ள லைட் எரியுதான்னு கண்ணாடி வழியா பாத்துட்டு வர்றாருங்க."

அப்படியும் நான்காவது முறை பேட்டரி இறங்கியது. பேட்டரி கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சது சார். அடிக்கடி சுத்தமா இறங்குனா தாங்காது" என்றார். காரில் இருப்பது 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாந்தே உருவாக்கிய அதே ஈய-அமில பேட்டரிதான். உறை மாறியிருக்கிறது, உள்ளே நடப்பது மாறவில்லை. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். ஏற்றாமல் பல நாள் விட்டால் அது கெட்டியான படிகமாகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் முழுதாகத் திரும்பாது. 4,800 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டேன். ஒரே வாரத்தில் அதுவும் படுத்தது.

இப்போது அப்பாவைச் சொல்ல வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மல்டிமீட்டரோடு இறங்கினேன். "வெளிச்சம் பிடிக்கட்டுமா?" என்று அப்பாவும் டார்ச்சோடு வந்தார்.

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். உள்ளே ஃபியூஸ் பெட்டியைத் தொட வேண்டும் என்பதால் கதவு திறந்திருக்கும். அதன் கொக்கியை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளிப் பூட்டிவிட்டால் கதவு மூடியிருப்பதாகக் கார் நம்பிக்கொள்ளும். பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காருக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக நேரம் பிடிக்கும். எல்லாம் தூங்கிய பிறகும் கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை.

எங்கள் மீட்டர் 340இல் நின்றது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரேடியோ, அசையவில்லை. ஹாரன், அசையவில்லை. ஏழாவதைப் பிடுங்கியதும் 340 என்பது 30 ஆனது. அந்த ஃபியூஸிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் மேலே, முன்கண்ணாடி வரை போனது. அதை மாட்டியது நான்தான்.

அப்பா வருவதற்கு இரண்டு வாரம் முன்பு பார்க்கிங்கில் யாரோ பம்பரை உரசிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கோபத்தில் டேஷ்கேம் வாங்கி, நிறுத்தியிருக்கும்போதும் படம் பிடிக்கும்படி, எப்போதும் மின்சாரம் இருக்கிற ஃபியூஸிலிருந்து நானே இணைப்பு கொடுத்தேன். பேட்டரி இறங்கினால் தானாக நிற்க அதில் ஒரு வசதி உண்டு. அதிக நேரம் பதிவாகட்டும் என்று அதையும் ஆகக் குறைவான 11.6 வோல்ட்டில் வைத்திருந்தேன். கார் கிளம்புவதற்கு அது போதாது என்று எனக்குத் தெரியும். 'கடைசியா என்ன மாத்தினீங்க?' என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. அடுத்தவரை மட்டும்தான் எண்ணியிருந்தேன்.

பாதி மூடிய கதவும் விளக்கும் உண்மைதான். ஆனால் அது ஒரு முறை. மற்ற நான்கு முறையும் நான்.

அப்பா ஒயரைப் பார்த்தார். "இது எதுக்குப்பா?"

சொன்னேன்.

"அப்ப ராத்திரி பூரா முழிச்சிருக்குமா அது?"

"ஆமாப்பா."

"பாவம்" என்றார். கேமராவைச் சொன்னாரா, பேட்டரியைச் சொன்னாரா தெரியவில்லை. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு தவறு நடந்தால் காரணம் இது, செய்தது நான் என்று நாற்பது பேருக்கு மெயில் அனுப்பத் தெரிகிறது. கையில் டார்ச்சோடு நிற்கும் ஒரே ஒரு மனிதரிடம் வாய் வரவில்லை. "டீ குடிக்கலாமாப்பா?" என்று கேட்டேன்.

அன்று இரவும் ஒன்பதரைக்கு டார்ச்சை எடுத்தார். "அதான் சரி பண்ணியாச்சேப்பா" என்றேன். "பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நான் போய் ரவுட்டர் சுவிட்சில் ஒட்டியிருந்த செல்லோடேப்பை உரித்தேன். அதைக்கூட அவர் பார்க்காத நேரத்தில்தான் செய்ய முடிந்தது.

குழந்தை பிறந்து, அம்மா ஊர் திரும்பியதும் அவரும் கிளம்பினார். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கியவர், கதவைப் பிடித்து ஒரு கணம் நின்றார். பிறகு வாழ்நாளில் எந்தக் கதவையும் சாத்தாத வேகத்தில் படாரென்று சாத்தினார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

அப்பா குனிந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "நல்லா மூடிக்கிச்சா?"