நூறு கஜத்து அறம்

இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சார்ந்த கொள்ளேகால், 1956-ஆம் ஆண்டு வரை கோயமுத்தூர் மாவட்டத்ததாக இருந்தது. மாநில எல்லைகள் மாறியபொழுது, வீட்டுவாயிலைக் கடவாமலே நாங்கள் அயல் மாநிலத்தவர் ஆனோம்.

அவ்வூரில் என் பெரியப்பா உரிமம் பெற்ற .405 வின்செஸ்டர் துப்பாக்கி வைத்திருந்தார். 1904-இல் தோன்றிய அவ்வகைத் தோட்டாவையே பெங்களூர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனும் கையாண்டார். அதன் குண்டு 300 கிரெய்ன். அதாவது ஏறத்தாழ 19 கிராம்.

சுட்ட பித்தளைக் கூட்டைத் துடைத்து, புதிய கேப் பொருத்தி, பொன் நிறுக்கும் தராசில் மருந்தை நிறுத்திட்டு, குண்டை அமிழ்த்துவார் பெரியப்பா. மருந்து மிகுந்தால் அழுத்தம் பெருகித் துப்பாக்கியே பிளக்கக்கூடும். கோடை வெப்பமும் அவ்வழுத்தத்தை உயர்த்தும். தோட்டாவுக்குத் தோட்டா மருந்து வேறுபடின், தொலைவில் குண்டு ஏறியும் இறங்கியும் பாயும்.

"குறி தப்பினால் போகட்டும், கண்ணு. காயத்தோடு தப்பினால் மாடு மேய்ப்பவன் தலையில் அல்லவா விடியும்!" என்பார். பழைய குண்டுக்காயத்தால் இயல்பான இரையை வேட்டையாட இயலாது ஆட்கொல்லியான விலங்குகளை ஆண்டர்சனும் தம் நூல்களில் விவரித்துள்ளார். எத்துணைச் செம்மையாகத் தோட்டா செய்தபோதிலும், 100 கஜத்துக்கு அப்பால் பெரியப்பா சுட்டதில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்தார். அருகிலுள்ள பிலிகிரிரங்கன் மலை 2011 முதல் புலிகள் காப்பகம். அயலூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வேட்டைக்கதை கூறுவோர், சுட்ட குண்டுகளோடு சுடாமல் விட்டவற்றையும் கூறுவாராக.