ஒரு நூல் தாழ்ந்தால்

நீலாங்கரையில் அக்கா கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் நுழைகிற யாரும் முதலில் கிழக்கேதான் பார்ப்பார்கள். கூடத்தில் அந்தப் பக்கம் 15 அடிக்குச் சுவர் வைக்காமல் விட்டிருக்கிறாள். தென்னை, அதற்குப் பின்னால் மணல், அதற்கும் பின்னால் கடல். அங்கே வைக்கப்போகும் கதவுக்கு அளவெடுக்க வந்த ஃபிட்டர் கடல் பக்கம் திரும்பவேயில்லை. அண்ணாந்து பீமைப் பார்த்தார். குனிந்து தரையைப் பார்த்தார். "பீம் போட்டு எத்தினி மாசம் ஆச்சும்மா?" என்று கேட்டார். கண்ணாடியின் நிறத்தைப் பற்றியும் பிரேம் கறுப்பா சாம்பலா என்பதைப் பற்றியும் பேசத் தயாராக இருந்தவளுக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை.

அவர் தச்சு வேலையில் ஆரம்பித்து, அலுமினிய ஜன்னலுக்கு வந்து, இப்போது மடக்குக் கண்ணாடிக் கதவு மட்டுமே மாட்டுகிறவர். டியூபில் தண்ணீர் ஊற்றி இரண்டு தூண்களிலும் மட்டம் பிடித்தார். நூல் கட்டி நடுவில் அளந்தார். நடுப்பகுதி ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருந்தது. "கான்க்ரீட்டு பலகை பிரிச்ச அன்னைக்கோட நின்னுடாது சார். மேல மாடி வரணும், டைல்ஸ் வரணும், பீரோ கட்டில் எல்லாம் வரணும். அதுவரைக்கும் இறங்கிக்கினேதான் இருக்கும். கதவுக்கு ஒரு நூல்தான் கணக்கு. அதுக்கு மேல தாழ்ந்தா மாட்டிக்கும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் சொன்னதன் கனம் புரிந்தது. 10 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. 3 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள ஒரு பேனலில் கண்ணாடி மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். அலுமினியச் சட்டத்தையும் கீல்களையும் சேர்த்தால் ஐந்து பேனலுக்கு 300 கிலோ. கதவு மூடியிருக்கும்போது இந்த எடை பீம் நெடுகப் பரவியிருக்கும்; மடித்து ஓரமாக ஒதுக்கினால் பெரும்பகுதி ஒரே மூலையில் போய்த் தொங்கும். இனி விதிநூலைப் பாருங்கள். நம் நாட்டின் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, சுவர் வேலையும் பூச்சு வேலையும் முடிந்த பிறகு ஒரு பீம் தன் நீளத்தில் 350ல் ஒரு பங்கு வரை தாழலாம் என்கிறது; எப்படியும் 20 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 15 அடிக்கு அது 13 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். ஃபிட்டர் கேட்கும் ஒரு நூல் 3 மில்லிமீட்டர். எஞ்சினீயர் விதிப்படி பிசகில்லாமல் போட்ட பீம்கூட இந்தக் கதவைச் சிக்க வைத்துவிடும்! எஞ்சினீயர் மேலும் குற்றமில்லை, கதவு மேலும் குற்றமில்லை. எஞ்சினீயரையும் ஃபிட்டரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிறுத்திப் பேச வைக்காததுதான் குற்றம். வீடு கட்டுகிறவர்கள் ஃபிட்டரைக் கூப்பிடுவது எல்லா வேலையும் முடிந்த பிறகு. கூப்பிட வேண்டியது கம்பி கட்டுவதற்கு முன்பு.

மடக்குக் கதவில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேலே உள்ள ட்ராக்கில் ரோலர் வைத்துத் தொங்குவது. கீழே இருப்பது வழிகாட்டி மட்டும். மற்றது கீழ் ட்ராக்கில் எடையை இறக்கி ஓடுவது, மேலே வழிகாட்டி. பீமின் மேல் நம்பிக்கை இல்லாத பழைய வீடுகளுக்குக் கீழே ஓடுவதே நல்லது. ஆனால் இந்த வீடு கடலோரம். காற்று கொண்டுவந்து போடும் மணல் கீழ் ட்ராக்கில் விழும். 60 கிலோ பேனல் அந்த மணலை அரைத்துக்கொண்டே ஓடும், ரோலர் சீக்கிரம் தேயும். மேலே தொங்க விட்டால் பீம் தாழும், கீழே ஓட விட்டால் மணல் அரைக்கும். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது.

ஃபிட்டரே வழி சொன்னார். இரண்டு தூண்களுக்கும் நடுவில், கான்கிரீட் பீமைத் தொடாமல், தனியாக ஓர் இரும்பு ஐ-செக்‌ஷன். கதவு அதில் தொங்கும். பீமுக்கும் இரும்புக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு ஃபோம் அடைத்துவிட்டால், மேலே பீம் விதிநூல் சொல்லும் அளவுக்கு இறங்கினாலும் கதவுக்குத் தெரியாது. எஞ்சினீயர் வந்து தடிமன் கணக்குப் போட்டார், துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு வேண்டும் என்றார், ஒப்புக்கொண்டார். கதவின் உயரம் மட்டும் அரை அடிக்கு மேல் குறையும். எட்டடி உயரத்துக்குக் கடல் தெரிய வேண்டும் என்று வரைபடத்திலிருந்தே ஆசைப்பட்டவள் அக்கா. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு சரி என்றாள்.

இந்த இடத்தில் என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லா வீட்டுக்கும் மடக்குக் கதவு தேவையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழெட்டு அடி பால்கனிக்கு இதைப் போடுவது கீலுக்கும் ரோலருக்கும் காசைக் கொட்டுவதுதான். அங்கே சாதாரண ஸ்லைடிங் போதும். செங்குத்துச் சட்டங்கள் குறைவு, பழுதும் குறைவு. ஸ்லைடிங்கில் இரண்டு ட்ராக் போட்டால் பாதிதான் திறக்கும், மூன்று போட்டால் மூன்றில் இரண்டு பங்கு. ஏறக்குறைய முழு அகலமும் திறந்து, கூடமும் வெளித்திண்ணையும் ஒன்றாக வேண்டும் என்கிற இடத்துக்குத்தான் மடக்குக் கதவு. அதுவும் திசை பார்த்து. சென்னையில் கிழக்கு பார்த்த கதவுக்குக் காலை வெயில் மட்டும்தான், மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும். மேற்கு பார்த்துப் போட்டால் மாலை முழுக்க வெயில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கோட்டிங் கண்ணாடியும் ஓர் ஆழமான தாழ்வாரத்துக்கு ஈடாகாது. புதுச்சேரியில் கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து 1937ல் வேலை தொடங்கிய கோல்கொண்டா விடுதியில் சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் கான்கிரீட் தகடுகளும் தேக்குமர நகரும் கதவுகளும் வைத்தார்கள். அந்தக் கட்டடத்துக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று முதலில் யோசித்தார்கள். நாம் கண்ணாடியை முதலில் வாங்கிவிட்டு, பிறகு ஏ.சி. வாங்குகிறோம்.

பேனல் எத்தனை என்பதற்கும் யோசனை வேண்டும். ஆறாகப் பிரிக்கலாமே என்றேன். ஃபிட்டர் தலையாட்டினார். "ஆறு போட்டா மூணும் மூணுமா ரெண்டு பக்கம் மடிக்கலாம், பார்க்க அழகு. ஆனா ஒத்த ஆளு வெளிய போக ஓரமா தனிக் கதவு ஒண்ணு இருந்தா நல்லதில்ல? நாலு இந்தப் பக்கம் மடியட்டும், ஒண்ணு அந்தப் பக்கம் தனியா இருக்கட்டும். தெனமும் அதைத்தான் தொறப்பீங்க." வெளிப்பக்கம் மடியும்படி வைத்தோம். கூடத்தில் இடம் மிச்சம். புயல் காற்று அடித்தாலும் கதவைச் சட்டத்தோடு அழுத்தத்தான் செய்யும். சென்னைக்குக் காற்று விதிநூலான ஐ.எஸ். 875 வைத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு பேனல் மேல் விழும் அழுத்தம் 300 கிலோவுக்கு மேல். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்தப் பக்கத்து மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள் இதை வெறும் ஏட்டுக்கணக்கு என்று சொல்லமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு மடிப்பிலும் மேலேயும் கீழேயும் தாழ்ப்பாள் கம்பி இறங்கும் பூட்டாகவே எடுத்தோம்.

சட்டம் தயாராகும் பட்டறை அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம். அலுமினியத்தை 45 டிகிரியில் அறுக்கும் ரம்பத்தின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அங்கே ஒரு பையன் காந்தத்தை வைத்து ஸ்க்ரூக்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். ஒட்டினால் இரும்பு, தூக்கிப் போட வேண்டியது. உப்புக்காற்றில் இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்தோடு சேர்ந்தால் சில மழைக்காலத்துக்குள் வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். ஆனால் காந்தத்துக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316 என்ற இரண்டையும் காந்தம் பிரித்துச் சொல்லாது. 316ல் மட்டும் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்பைத் தாங்குவது அதுதான். கடலோர வீட்டுக்கு ரோலர், கீல், ஸ்க்ரூ எல்லாம் 316 என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும். கண்ணாடியைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியாவது இதைப் பேசச் செலவழிக்கலாம்.

கண்ணாடி வெட்டும் இடம் ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில். 2000ல் அங்கே செயின்ட் கோபேன் ஆலை ஓடத் தொடங்கிய பிறகு, உருகிய தகரத்தின் மேல் மிதக்க விட்டு எடுக்கும் தட்டைக் கண்ணாடி சென்னைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. பெரிய கண்ணாடியை மிஷின் வெட்டினாலும், ஓரத் துண்டுகளைக் கையால் வெட்டுகிற ஒரு பெரியவர் இருந்தார். கட்டரின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை இடது கையால் அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பு. கிழிகிற சத்தம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சுருதியில் வர வேண்டும். நடுவில் விட்டுவிட்டு வந்தால் அங்கே கோணலாக உடையும். அதே கோட்டின் மேல் மறுபடி இழுக்கவே கூடாது. கோட்டுக்கு அடியில் இரண்டு தட்டு தட்டி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். சுத்தமாகப் பிரிந்தது. அவர் வலது கட்டைவிரலின் உட்பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைத் தழும்புகள். கையுறை போட்டால் கோடு விழுவது விரலுக்குத் தெரியவில்லை என்றார். அந்த வேலைக்கு ஏற்ற மெல்லிய கையுறை உலகத்தில் இல்லாமலா போய்விட்டது? முதலாளிகள் தேடி வாங்கித் தர வேண்டும்.

வெட்டுவது, ஓரம் தேய்ப்பது, பூட்டுக்குத் துளை போடுவது எல்லாம் உலைக்குள் போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். செராமிக் உருளைகள் மேல் கண்ணாடி உள்ளே போகிறது. 600 டிகிரிக்கு மேல் சூடாகும்போது இளகித் தொய்ந்துவிடாமல் இருக்க உருளைகள் அதை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கின்றன. வெளியே வந்த கணத்தில் மேலிருந்தும் கீழிருந்தும் காற்று பீறிட்டு அடிக்கிறது. மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உள்பக்கம் பிறகு ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. டஃபன் கண்ணாடியின் வலுவெல்லாம் அந்த இழுபறியில்தான். சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலு. ஆனால் இனி ஒரு நூல்கூட வெட்ட முடியாது. வெட்டினால் மொத்தமும் சிதறும். அளவு தப்பினால் கண்ணாடி குப்பைதான்.

அன்றைய தொகுதியில் ஒரு துண்டை எடுத்துக் கூர்முனைச் சுத்தியால் ஓரத்தில் தட்டினார்கள். 5 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தை மேலே வைத்து ஒருவர் துண்டுகளை எண்ணினார். ஐரோப்பியத் தரத்தில் குறைந்தது 40 துண்டு வர வேண்டும். பொடியாக உடைந்தால்தான் யாரையும் கிழிக்காது. நிக்கல் சல்பைடு என்கிற கண்ணுக்குத் தெரியாத துகள் உள்ளே மாட்டியிருந்தால், யாரும் தொடாமலே ஒருநாள் கண்ணாடி வெடிக்கலாம். அதைத் தவிர்க்க 300 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சில மணி நேரம் சுட்டெடுக்கும் ஹீட் சோக் சோதனை இருக்கிறது. உடைய வேண்டியது அங்கேயே உடையட்டும். கேட்டால்தான் செய்வார்கள், தனிக் காசு. குழந்தைகள் ஓடும் வீட்டில் கேட்டே ஆக வேண்டும்.

மாட்டும் நாளன்று கண்ணாடிகள் ஏ வடிவ ஸ்டாண்டில் செங்குத்தாக வந்தன. தூக்க வந்த நால்வரில் இருவர் ஒடிசாக்காரர்கள். ரப்பர் கப் வைத்த கைப்பிடிகளைக் கண்ணாடியில் ஒட்டி, "உட்டாவ்... தீரே... பாத்து பாத்து" என்று இந்தியும் தமிழும் கலந்து தூக்கினார்கள். மூலை தரையில் இடிக்காமல் கீழே ரப்பர் துண்டு வைப்பது மட்டுமே ஒருவரின் வேலை. டஃபன் கண்ணாடி நடுவில் அடி தாங்கும், மூலையில் தாங்காது. வெளித்தரையின் கிரானைட்டை உள்தரைக்குச் சமமாகப் போட வேண்டும் என்று அக்கா நின்றாள். அப்படிப் போட்டால் ட்ராக்கின் வடிகால் துளைகள் மூடிக்கொண்டு மழைநீர் கூடத்துக்குள் வரும் என்று கொத்தனாரும் ஃபிட்டரும் சேர்ந்து சொன்னார்கள். கடைசியில் வெளியே ஒட்டினாற்போல் சல்லடை மூடிய ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரை அதில் இறக்கினோம். கொசுவலை மறந்தே போயிருந்தது. மடிப்பு மடிப்பாக ஒதுங்கும் வலையை உள்பக்கம் தனியாக ஆர்டர் செய்தோம். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரே சட்டத்தில் முடிந்திருக்கும்.

பேனல்கள் ஒவ்வொன்றாகத் தொங்கியதும் ஃபிட்டர் கீலுக்குள் ஆலன் கீயை விட்டுக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிக்கொண்டே இருந்தார். இரண்டு பேனலுக்கு நடுவே உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒன்றாக இருக்கிறதா என்று அட்டைத் துண்டை நுழைத்துப் பார்த்தார். ஒரு மழைக்காலம் போன பிறகு மறுபடி வந்து இதே வேலையைச் செய்ய வேண்டும் என்றார். இரும்பும் கொஞ்சம் உட்காரும், தூணும் உட்காரும். "கூப்பிடுவாங்களா?" என்று கேட்டேன். "கதவு நகராம போனப்புறம் கூப்பிடுவாங்க சார். அதுக்குள்ள ரோலர் போயிருக்கும். ரோலரைத்தான் திட்டுவாங்க." கூப்பிட்டாலும் அந்த நாளுக்குக் கூலி கொடுப்பவர் குறைவு, வேலையில் குறை என்று சொல்லி இலவசமாகச் செய்யச் சொல்வார்கள் என்றார்.

அக்கா ஒப்பந்தத் தாளை வாங்கி, கடைசித் தவணைக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள். ஜனவரியில் ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை, கீல் சரிபார்க்க ஒரு நாள் கூலியும் போக்குவரத்தும். ஃபிட்டர் அதைப் படித்துப் பார்த்து, தேதிக்குப் பக்கத்தில் தன் கைபேசி எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.