பொய் நரம்பு

பாலிகஞ்சில் எனக்கு வாய்த்த பெரியவர் ஈயின் படத்தைப் பார்க்கவே மாட்டார். செல்போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "படம் எதுக்கு பாபா? இறக்கையைக் கொண்டா." கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை இருக்கிற பாலிகஞ்ச் சர்க்குலர் ரோட்டுப் பக்கம்தான் வீடு.

எனக்கு ஈக்கள் மேல் இந்த அரிப்பு தொற்றியது சேலத்தில். பூ எடுக்கிற காலத்தில் தாத்தா மாந்தோப்பில் மருந்தடிக்க விடமாட்டார். தத்துப்பூச்சி மொய்த்து, இலையெல்லாம் பிசுபிசுத்து, கரும்பூசணம் படர்ந்தாலும், "அதைத் தூக்கிட்டுப் போக ஓர் ஈ வரும்" என்பார். கஞ்சத்தனத்துக்கு அவர் கண்டுபிடித்த சாக்கு என்று வீட்டில் இன்றுவரை கேலி. எனக்கு அந்தக் கேலி பிடிப்பதில்லை.

பிபன்குலிட் என்ற ஈக் குடும்பத்தைப் பற்றிப் படித்ததும் தாத்தாவுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர்தான். பெண் ஈ அந்தரத்தில் நின்று நோட்டம் பார்க்கும். தத்துப்பூச்சியைப் பற்றி மேலே தூக்கும். வயிற்றில் ஊசியைக் குத்தி முட்டையை உள்ளே வைத்துவிட்டுக் கீழே விட்டுவிடும். புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, உடம்பைப் பிளந்துகொண்டு வந்து மண்ணில் கூட்டுப்புழுவாகும்.

மாசியில் இங்கே கல்கத்தாவில் எங்கள் குடியிருப்பு மாமரம் பூத்தபோது வலை வீசி, பூங்கொத்தருகே அந்தரத்தில் நின்ற ஈக்களைப் பிடித்தேன். ஒன்று பெரியது, ஒன்று பொடி. பொடி ஈக்குத் தலை முழுக்கக் கண். கழுத்தில் உருண்டையாக ஒட்டவைத்தது போலிருந்தது. இது போதாதா?

பெரியவருக்குப் போதவில்லை. பெரிய கண் பல ஈக்களுக்கு உண்டாம். இரண்டின் இறக்கையையும் கழற்றி, கண்ணாடித் தகட்டில் கிளிசரின் சொட்டில் பரப்பச் சொன்னார். சிர்ஃபிட் என்ற இன்னொரு குடும்பத்து ஈக்களின் இறக்கை நடுவே எந்த நரம்போடும் சேராமல் ஒரு கோடு ஓடும். அதுதான் பொய் நரம்பு. பிபன்குலிட்டுக்கு அது கிடையாது. என் தகடுகள் இரண்டிலும் கோடு தெரிந்தது! "மடிப்பா, நரம்பா? விளக்கைத் திருப்பிப் பார்." திருப்பினேன். பெரிய ஈயின் கோடு அசையவில்லை. பொடி ஈயின் கோடு வெளிச்சம் சாய்ந்ததும் மறைந்துபோனது. அப்போதும் அவர் முடிவு சொல்லவில்லை. மறுநாள் பகல் வெளிச்சத்திலும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அதற்குப் பிறகுதான், பொடி ஈ பிபன்குலிட் என்று தலையசைத்தார்.

இனம் எது என்று கேட்டேன். அலமாரியிலிருந்து 1923-இல் வந்த தடித்த புத்தகத்தை எடுத்தார். இந்திய விலங்கினங்கள் வரிசையில் ஈக்களுக்கான மூன்றாம் தொகுதி. எழுதிய என்ரிகோ புருனெட்டி (1862–1927) இசைக்கலைஞர். இதே கல்கத்தாவில் வாழ்ந்துகொண்டு ஈக்களை ஆராய்ந்தவர். பிபன்குலிட்டும் சிர்ஃபிட்டும் அதில் ஒரே அட்டைக்குள் அடுத்தடுத்து இருந்தன. புருனெட்டி பெயரிட்ட பிபன்குலஸ் அன்யூலிஃபெமர், மாந்தத்துப்பூச்சியின் ஒட்டுண்ணியாகப் பூச்சியியல் நூல்களில் பதிவாகியிருக்கிறது. என் கை பரபரத்தது.

"உன்னுடையது பெண்" என்றார் பெரியவர். வயிற்றடியில் மடங்கிய ஊசி லென்ஸில் தெளிவாகத் தெரிந்தது. இக்குடும்பத்தில் இனத்தை உறுதிசெய்ய ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். அதோடு பெயர் தேடும் வழி அடைபட்டது.

தாத்தா மேலேயே எனக்குச் சந்தேகம் வந்ததும் அப்போதுதான். சிர்ஃபிட்டும் பூவருகே அந்தரத்தில் நிற்கும். வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியும். ஆனால் அது வருவது தேனுக்கு. அவற்றில் பலவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்னுமே தவிர, அந்த ஈ தத்துப்பூச்சியைத் தூக்காது. தாத்தா கண்டது எது? பறந்து வந்த ஈ எதைத் தின்று வளர்ந்தது என்று அதன் உடம்பில் எழுதியிருக்காது. தத்துப்பூச்சியைப் பிடித்து, மாந்தளிரும் ஈரமண்ணும் போட்ட ஜாடியில் வளர்த்து, அதிலிருந்து ஈ வருகிறதா என்று பார்த்தால்தான் உண்டு. அதையும் சேலத்துத் தோப்பிலேயே செய்ய வேண்டும்.

தம்பிக்குப் போன் போட்டேன். தோப்பு இப்போது அவன் பொறுப்பு.

"மருந்தடிக்க ஆள் பேசியாச்சுண்ணா" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வடக்கு வேலியோரம் ரெண்டு மரத்தை விட்டுடச் சொல்றேன். காய் குறைஞ்சா காசு நீதான் குடுக்கணும்" என்றான்.

ஒப்புக்கொண்டேன்.