ஏசி போட்டா கார் ஏன் உதறுது?

சர்தார் படேல் ரோடு சிக்னல்ல நிக்கிற ஒரு கால் டாக்ஸியில நீங்க உட்கார்ந்திருக்கீங்க. டிரைவர் ஏசியை ஆன் பண்ணதும் ஸ்டியரிங், சீட் எல்லாம் உதறுது. அந்த டிரைவர் எங்க அப்பாவா இருந்திருக்கலாம். போன மே மாசம் முழுக்க சிக்னல் வந்தாலே ஏசியை ஆஃப் பண்ணுவார். சவாரி வர்றவங்க திட்டுவாங்க.

ஒரு ஒர்க்‌ஷாப்ல, "கம்ப்ரஸர் போச்சு, இருபதாயிரம் ஆகும்"னு சொல்லிட்டாங்க. அப்பா என்னைப் பார்த்தார். "நாலு வருஷமா மெக்கானிக்கல் படிக்கிறியே, நீ சொல்லு."

என்கிட்ட இருந்தது ரெண்டே விஷயம்: வைப்ரேஷன் பாடம், ஒரு மொபைல் ஆப்.

முதல்ல, வண்டியை நிறுத்தி, நியூட்ரல்ல வெச்சு, ஏசியை ஆன் பண்ணி, 1500 ஆர்.பி.எம். வரைக்கும் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சேன். உதறல் காணாமப் போச்சு! ஏசி போட்டா ஓடுற ஃபேன் மேல எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனா அது எலக்ட்ரிக் ஃபேன், இன்ஜின் வேகத்தோட அதுக்குச் சம்பந்தம் இல்லை. அது காரணம்னா உதறல் அப்படியே இருந்திருக்கணும். கம்ப்ரஸர் பேரிங் போயிருந்தா, வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடியிருக்கும். அதுவும் இல்லை.

அடுத்து, ஐட்லிங்ல டேஷ்போர்டு மேல போனை வெச்சேன். 25 ஹெர்ட்ஸ்ல பெரிய சிகரம். மீட்டர்ல 750 ஆர்.பி.எம். அதை 60-ஆல வகுத்தா விநாடிக்கு 12.5 சுற்று. நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை ஃபயரிங். ஆக 25. அதாவது உதறுறது இன்ஜின். ஏசி அதுக்கு லோடு மட்டும்தான் ஏத்துது.

இதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? 'டிரான்ஸ்மிஸிபிலிட்டி'ன்னு ஆரம்பிச்சேன். இங்கிலீஷ் மீடியம் பையன், அதுக்கு மேல தமிழ்ல வாய் வரலை. அப்பா முகத்துல ஒண்ணும் ஏறலை.

கடைசியில கிண்டியிலேயே, அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போனோம். அவர் ஆப் எதுவும் பார்க்கலை. பானெட்டைத் திறந்து, இன்ஜின் மேல கையை வெச்சு, ஏசியைப் போடச் சொன்னார். அப்புறம் டார்ச் அடிச்சுக் காட்டினார். இன்ஜின் மவுண்ட்ல ரப்பர் கிழிஞ்சு கிடந்தது.

"மவுண்ட் உட்கார்ந்துடுச்சு சார். ஏசி போட்டா இன்ஜின் முக்குது. அந்த உதறலை வாங்கிக்க வேண்டிய ரப்பர் செத்துப் போச்சு, அதான் பாடிக்கு வருது."

நான் சொல்ல நினைச்சதும் இதேதான். அப்பாவுக்கு உடனே புரிஞ்சது.

மவுண்ட் மாத்த ஆன செலவு, கம்ப்ரஸருக்குக் கேட்டதுல கால்வாசி கூட இல்லை. வீட்டுக்கு வர்ற வழியில அப்பா கேட்டார்: "நீயும் அவர் சொன்னதைத்தான் சொன்னியா?"

"ஆமாப்பா."

"அப்ப அவர் மாதிரியே சொல்லியிருக்கலாமே!"

அதுக்குத்தான் இந்தக் கட்டுரையைத் தமிழ்ல எழுதிப் பார்க்கிறேன். உங்க வீட்டு வண்டி உதறினா, கம்ப்ரஸருக்குக் காசு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுப் பாருங்க. உதறல் நிக்குதா, கூடுதா? பாதி பதில் அதுலயே கிடைச்சிடும்.