ஒன்பது லிட்டர் தண்ணீர்

பிள்ளைகளா! சொந்தக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்று கொஞ்சம் கணக்கு.

நேற்று பேத்தி நோட்டோடு வந்தாள். 40 லிட்டர் கலவையில் பாலும் தண்ணீரும் 7:1. இன்னும் எத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 5:2 ஆகும்? ஊற்றுகிற தண்ணீரை எக்ஸ் என்று வைத்து, 7/(1 + எக்ஸ்) = 5/2 என்று எழுதி, 1.8 என்று விடை கொண்டு வந்திருந்தாள். புத்தகத்தில் 9. "தாத்தா, புக்கு தப்பு" என்றாள்.

புத்தகம் தப்பில்லை. அவளும் முழுத் தப்பில்லை. 7, 1 என்பதெல்லாம் பங்கு, லிட்டர் இல்லை. 40 லிட்டருக்கு 8 பங்கு, ஒரு பங்கு 5 லிட்டர். அவளுடைய 1.8 பங்கை 5-ஆல் பெருக்கினால் 9 வந்துவிடும். முதலிலேயே பால் 35, தண்ணீர் 5 என்று மாற்றி 35/(5 + எக்ஸ்) = 5/2 என்று போட்டிருந்தால், குறுக்கே பெருக்கி 70 = 25 + 5 எக்ஸ். விடை 9. பங்கோடு லிட்டரைக் கூட்டாதே என்று எத்தனை வருடம் கத்தியிருப்பேன், உங்களுக்கே தெரியும்.

சொல்லிக்கொடுத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

இதே கணக்கை 1988 அரையாண்டில் பத்தாம் வகுப்புக்குக் கேட்டிருந்தேன். ஒரு பையன் எக்ஸே போடவில்லை. "பால் மாறாது. 35 லிட்டர் 5 பங்கு, ஒரு பங்கு 7. தண்ணீர் 2 பங்கு 14. ஏற்கெனவே 5 இருக்கு. 9 ஊத்தணும்." அவ்வளவுதான் எழுதியிருந்தான். படிமுறை இல்லை என்று ஐந்துக்கு முட்டை போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விடைத்தாள் கொடுக்கும்போது, "தண்ணி ஊத்துற கணக்கு உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமேடா" என்றேன். அவன் அப்பா வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அதற்குப்பின் சந்தேகம் கேட்டு அவன் ஒருநாளும் எழுந்து நிற்கவில்லை.

எக்ஸ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கலவையில் கொஞ்சம் எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றும் கணக்கில் பாலும் குறையும், தண்ணீரும் மாறும். அங்கே எக்ஸ்தான் கைகொடுக்கும். ஆனால் அங்கேயும் மொத்தம் மாறாது. அந்த மாறாத ஒன்றைப் பிடித்தால்தான் சமன்பாடே எழுத வரும். பையன் அதைத்தான் பிடித்திருந்தான்.

பின்னால் வந்த பிள்ளைகளுக்கு "எது மாறவில்லை என்று முதலில் பார்" என்று நான் சொல்லிக்கொடுத்தேன் இல்லையா? சாருடைய வழி என்று இன்றும் நிறைய பேர் எழுதுகிறீர்கள். அது என் வழி இல்லை. அந்தத் தாளைத் திருத்திய பிறகு வந்தது. யாருடையது என்று ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

பெயர் போடவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். யாராவது அவனோடு பேச்சில் இருந்தால், அவனிடம் கேட்டுக்கொண்டு நம்பரை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். அவன் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.